நாட்டைப் பிடித்தாயிற்று, ஃபைல் யார் மேசைக்கு?

போன இதழில் ஒரு வாசகர், ஏடன் துறைமுகம் ஒரு காலத்தில் பம்பாயிலிருந்து ஆளப்பட்டது உண்மையா என்று கேட்டிருந்தார். உண்மைதான், 1839-ல் பிடித்ததிலிருந்து 1932 வரை பம்பாய்க்காரர்கள்தான் ஆண்டார்கள் என்று இரண்டே வரியில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த இரண்டு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்தத் தடவை சினிமா, கிரிக்கெட், கூட்டணிக் கேள்விகளுக்கு விடுமுறை.

கேள்வி (தென்காசி வாசகர்): ஐயா, ஒரு நாட்டைப் பிடித்ததும் அதை எந்த இலாகா ஆள்வது என்று எப்படி முடிவு செய்தார்கள்? ராஜா சொன்னால் முடிந்தது இல்லையா?

பதில்: ராஜாவுக்கு அந்த நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரிந்திருந்தாலே பெரிய விஷயம். எங்கள் தெருமுனையில் சாக்கடை மேல் போட்ட சிமெண்ட் பலகை உடைந்து ஒரு வருஷம் ஆயிற்று. ஒரு ஆபீஸுக்குப் போனால் அது ரோட்டுக்காரர்கள் லிமிட் என்கிறார்கள், ரோட்டுக்காரர்களிடம் போனால் சாக்கடை எங்களுடையது இல்லை என்கிறார்கள். பேரரசுகளிலும் இதே கதைதான் நடந்தது. செலவு மட்டும் வரும் என்றால் எல்லோரும் கையை விரிப்பார்கள், பெருமையோ வருமானமோ வரும் என்றால் நாலு பேரும் எங்கள் லிமிட்தான் என்று அளவுச் சங்கிலியோடு வந்து நிற்பார்கள்.

லண்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1858-க்குப் பிறகு அங்கே நாலு கடை. இந்தியாவைப் பார்க்க இந்தியா ஆபீஸ், குடியேற்ற நாடுகளைப் பார்க்கக் காலனி இலாகா, அயல்நாட்டு விவகாரத்துக்கு வெளியுறவு இலாகா, அப்புறம் போர் இலாகா. இந்த நாலு பேரின் தலைக்கு மேல் பணப்பெட்டிச் சாவியோடு கஜானா. கொடி ஏற்றி இது எங்கள் மண் என்று அறிவித்துவிட்டால் காலனி இலாகாவுக்குப் போகும். அப்படி அறிவிக்காமல், அங்கிருக்கும் சுல்தானோடோ தலைவரோடோ ஒப்பந்தம் போட்டு உங்களுக்கு நாங்கள் காவல் என்று உட்கார்ந்துகொண்டால், சட்டப்படி அது இன்னும் அயல்நாடு, எனவே வெளியுறவு இலாகா. காகிதத்தில் சுத்தமாக இருக்கிறது, நடைமுறையில் யார் முதலில் போய் இறங்கினார்களோ அவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிழக்கு ஆப்பிரிக்கா 1895-ல் இப்படித்தான் வெளியுறவு இலாகாவிடம் வந்தது. மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிக்கு ரயில் போட வேண்டும் என்று முடிவானபோது அந்த வேலையும் அவர்கள் தலையிலேயே விழுந்தது. விருந்தில் எந்தத் தூதரை எந்த நாற்காலியில் உட்காரவைப்பது என்று அறிந்தவர்கள், 1896-லிருந்து தண்டவாளத்துக்கும் கட்டைக்கும் கணக்குப் பார்த்தார்கள். இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தக் கூலிகள் போய் அந்தப் பாதையைப் போட்டார்கள். 1901-ல் ரயில் ஏரியைத் தொட்டது, 1905-ல் போதுமடா சாமி என்று மொத்தத்தையும் காலனி இலாகாவிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

கேள்வி (யாழ்ப்பாண வாசகி): இலங்கையும் இந்தியாவும் ஒரே பிரிட்டிஷ்காரன் கையில்தானே இருந்தன? பிறகு ஏன் இலங்கை பிரிட்டிஷ் இந்தியாவோடு சேரவில்லை?

பதில்: சேர்ந்துதான் இருந்தது அம்மா, கொஞ்ச நாள். அந்தக் கொஞ்ச நாள் நடந்த கூத்தில்தான் பிரிந்தது.

1795-96-ல் டச்சுக்காரர்களிடமிருந்து திருகோணமலை, யாழ்ப்பாணம், கொழும்பு என்று கரையோரத்தைப் பிடித்தது கிழக்கிந்தியக் கம்பெனியின் படை. போனது சென்னையிலிருந்து. ஆகவே ஆட்சியும் சென்னையிலிருந்தே என்று ஆயிற்று. சென்னை சிவில் அதிகாரி ராபர்ட் ஆண்ட்ரூஸ் வருவாய் நிர்வாகத்துக்குத் தலைவராக வந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே முறை நம்ம ஊர் முறை, அதாவது வரியைக் குத்தகைக்கு விடுவது. முதலியார்கள் என்ற உள்ளூர்த் தலைமைக்காரர்களை ஓரங்கட்டிவிட்டுச் சென்னைப் பக்கத்திலிருந்து வரி வசூலிக்கும் அமில்தார்களையும் மொழிபெயர்க்கும் துபாஷிகளையும் கொண்டுவந்து வைத்தார். நிலத்துக்குப் பதிலாக ஊழியம் செய்யும் பழைய ஏற்பாட்டைக் கலைத்தார். போதாக்குறைக்குத் தென்னை மரத்துக்கு வரி. இலங்கையில் தென்னை மரத்தின் மேல் கை வைத்தால் என்ன ஆகும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. 1797-ல் கலகம் வெடித்தது.

சென்னை கவர்னராக அப்போது இருந்தவர் ஹோபார்ட் பிரபு. அவர் டி மியூரோன் என்ற ராணுவ அதிகாரி தலைமையில் ஒரு விசாரணைக் குழு போட்டார், வரி திரும்பப் பெறப்பட்டது. ஆனால் லண்டனில் விஷயம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. அங்கே ஹென்றி டண்டாஸ் என்ற மனிதர் ஒரே சமயத்தில் போர் அமைச்சர், இந்திய விவகாரக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவரும் அவரே. திருகோணமலைத் துறைமுகத்தைக் கம்பெனி வியாபாரிகளிடம் விட்டுவைக்க அவருக்கு மனமில்லை. அதே சமயம் இலவங்கப்பட்டை வியாபாரத்தைக் கம்பெனியிடமிருந்து பிடுங்கவும் முடியாது. அதனால் பிறந்ததுதான் இரட்டை ஆட்சி. 1798 அக்டோபரில் பிரெடெரிக் நார்த் கவர்னராக வந்து இறங்கினார். அவரை நியமித்தது அரசு. அவர் கல்கத்தாவுக்கும் கட்டுப்பட வேண்டும், கம்பெனி டைரக்டர்களுக்கும் கட்டுப்பட வேண்டும், பட்டை வியாபாரம் மட்டும் கம்பெனிக்கு. இரண்டு மாமியார் உள்ள வீட்டில் புது மருமகள் எப்படி இருப்பாளோ அப்படி இருந்தார் மனிதர். அவருக்குக் கீழே வேலை பார்த்த சென்னை அதிகாரிகள் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

1802 ஜனவரி 1-லிருந்து இலங்கை நேரடியாக அரசின் காலனி. அந்த நேரத்தில் லண்டனில் காலனிகளைப் பார்த்துக்கொண்ட இலாகாவின் பெயர் போர் மற்றும் காலனிகள் இலாகா, 1801-ல்தான் இரண்டையும் ஒட்டவைத்தார்கள். அந்த நாற்காலியில் முதலில் உட்கார்ந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? நம்ம ஹோபார்ட் பிரபுதான். சென்னையில் இருந்தபோது அவருடைய ஆட்கள் கெடுத்த ஃபைல், ஊரெல்லாம் சுற்றி லண்டனில் அவர் மேசைக்கே திரும்பி வந்தது.

ஆக, வரைபடத்தில் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ராமேஸ்வரமும் மன்னாரும் அதற்கப்புறம் வெவ்வேறு இலாகா. பின்னாளில் சென்னை மாகாணத்திலிருந்து காப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் போனவர்கள் அந்தக் கடலைத் தாண்டியபோது ஒரு இலாகாவிலிருந்து இன்னொரு இலாகாவுக்குப் போனார்கள். 1948-ல் குடியுரிமைச் சட்டம் வந்து அவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் நாடற்றவர்கள் ஆனதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன், அதற்கு வேறு ஆட்கள் பொறுப்பு. ஆனால் 1802-ல் ஃபைல் வேறு பக்கம் போகாமல் இருந்திருந்தால் அந்தக் கேள்வியே வேறு மாதிரி எழுந்திருக்கும்.

கேள்வி (சிங்கப்பூர் வாசகர்): எங்கள் ஊரும் கல்கத்தாவிலிருந்துதான் ஆளப்பட்டது என்று பள்ளியில் படித்தோம். அதை மாற்றச் சொல்லிக் கேட்டது யார்?

பதில்: உங்கள் ஊர் வியாபாரிகள். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் 1826-ல் ஒன்றாகக் கட்டி, கொஞ்ச நாளில் வங்காளத்துக்குக் கீழே வைத்தார்கள். கல்கத்தாவுக்கு அந்த மூன்று ஊரும் ஒரு வால் மாதிரி. வாலில் கொசு கடித்தால் தலைக்கு எங்கே தெரியும்? டாலரில் வியாபாரம் நடக்கிற ஊரில் 1855-ல் ரூபாயைப் புகுத்தப் பார்த்தார்கள். வரி இல்லாத துறைமுகம் என்பதுதான் சிங்கப்பூரின் உயிர், அங்கே துறைமுகக் கட்டணம் போடலாமா என்று யோசித்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, இந்தியாவிலிருந்து ஆயுள் கைதிகளைக் கப்பல் கப்பலாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1857-ல் இந்தியாவில் சிப்பாய்க் கலவரம் மூண்டதும் இங்கேயும் கைதிகள் எழுந்துவிடுவார்கள் என்று ஐரோப்பிய வியாபாரிகளுக்கு நடுக்கம் பிடித்தது, எங்களைக் கல்கத்தாவிலிருந்து கழற்றிவிடுங்கள் என்று நாடாளுமன்றத்துக்கு மனு போட்டார்கள்.

மனு போட்டது 1857, மாற்றம் வந்தது 1867 ஏப்ரல் 1. நடுவில் பத்து வருஷம் என்ன நடந்தது என்றால், பேரம். இந்திய அரசுக்குக் கொடுப்பதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் பட்டாளச் செலவு யார் தலையில் என்று கஜானாவும் போர் இலாகாவும் காலனி இலாகாவும் மாறி மாறிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தன. வருமானம் செலவுக்குக் கட்டுமா என்று பார்த்துவரச் சொல்லி 1863-ல் ஹாங்காங் கவர்னரை அனுப்பினார்கள். முத்திரைத்தாள் வரி போட்டுக் கணக்கு நேரானதும்தான் காலனி இலாகா கையை நீட்டியது.

முதல் கவர்னராக வந்த ஹாரி ஓர்ட் தனக்கென்று ஒரு மாளிகை கட்டிக்கொண்டார், இன்று உங்கள் அதிபர் மாளிகையாக இருக்கும் இஸ்தானா அதுதான். கட்டியது யார்? எந்தக் கைதிகள் வேண்டாம் என்று மனு போட்டார்களோ அதே இந்தியக் கைதிகள். ஓர்டின் செலவுக் கணக்கைப் பார்த்துவிட்டு மனு போட்டவர்களே கல்கத்தா தேவலாமோ என்று புலம்பியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

கேள்வி (துபாய் வாசகர்): எங்கள் முதலாளியின் அப்பா, அந்தக் காலத்தில் இங்கே இந்திய ரூபாய்தான் ஓடியது என்கிறார். நம்பலாமா?

பதில்: தாராளமாக. வளைகுடா ஷேக்குகளோடு ஒப்பந்தம் போட்டது, சண்டை வந்தால் கப்பல் அனுப்பியது எல்லாம் இந்திய அரசின் ஆட்கள். பாரசீகத்தின் புஷேர் துறைமுகத்தில் உட்கார்ந்திருந்த ரெசிடெண்ட் என்ற பிரிட்டிஷ் பிரதிநிதி இந்திய அரசுக்குத்தான் அறிக்கை அனுப்புவார். எனவே அஞ்சல்தலை இந்தியாவுடையது, அதன் மேல் குவைத், பஹ்ரைன் என்று அச்சு குத்தி விற்றார்கள். ரூபாயும் நம்முடையது. 1947-க்குப் பிறகு அந்தப் பகுதி வெளியுறவு இலாகாவுக்குப் போய்விட்டது, ரூபாய் மட்டும் போகவில்லை. தங்கக் கடத்தல் தாங்காமல் 1959-ல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி நிறத்தில் நோட்டு அடித்தது. குவைத் 1961-ல் விட்டது, பஹ்ரைன் 1965-ல், கத்தாரும் உங்கள் பக்கத்து ஷேக் நாடுகளும் 1966-ல், ஓமன் 1970-ல். முதலாளியின் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கேள்வி (மதுரை வாசகர்): ஈராக்கை இந்தியாவோடு சேர்க்கப் பார்த்தார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டேன். இது என்ன கதை?

பதில்: இது சின்னக் கதை இல்லை. இலாகாச் சண்டை என்றால் இதுதான் சண்டை.

1914 நவம்பரில், முதல் உலகப் போரில் துருக்கியோடு சண்டை தொடங்கிய கையோடு, பாஸ்ராவில் இறங்கியது இந்தியப் படை. பின்னாலேயே பெர்சி காக்ஸ், ஆர்னால்ட் வில்சன் என்று இந்திய அரசின் அரசியல் அதிகாரிகள். இவர்கள் கையில் இருந்ததெல்லாம் இந்தியச் சரக்கு, ரூபாய், இந்தியச் சட்டத்தைப் பார்த்து எழுதிய சட்டம், பஞ்சாபில் செய்ததை இங்கேயும் செய்யலாம் என்ற நம்பிக்கை. தென் பகுதியை இந்தியாவோடு சேர்த்துவிடலாம் என்றுகூட அவர்களில் சிலர் நினைத்தார்கள். இதே நேரம் கெய்ரோவில் வெளியுறவு இலாகாவின் ஆட்கள் 1916-ல் அரபுப் பணியகம் என்று ஒன்றைத் திறந்து, மெக்காவின் ஷெரிஃப் ஹுசைனைத் தட்டிக்கொடுத்து துருக்கிக்கு எதிராகக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். இந்தியா ஆபீஸுக்கு அது பிடிக்கவில்லை. அவர்களுடைய ஆள் நடு அரேபியாவின் நஜ்தில் இருந்த இப்னு சௌத், பின்னாளில் சவூதி அரேபியாவின் ராஜா ஆனவர், 1917-லிருந்து அவருக்கு மாதம் 5,000 பவுன் போய்க்கொண்டிருந்தது. ஹுசைனுக்கு வெளியுறவு இலாகா பக்கமிருந்து பணம். 1919 மே மாதம் துரபா என்ற இடத்தில் இப்னு சௌதின் ஆட்களும் ஹுசைனின் மகன் அப்துல்லாவின் படையும் மோதின, அப்துல்லாவின் படை நாசமானது. இரண்டு பக்கமும் பிரிட்டிஷ் பணம். லண்டனில் இரண்டு இலாகாக்கள் ஒரே தெருவில் உட்கார்ந்துகொண்டு பாலைவனத்தில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

1920-ல் ஈராக்கில் பெரிய கிளர்ச்சி. அதை அடக்க ஆன செலவைப் பார்த்து லண்டனுக்கு மூச்சு முட்டியது. அப்போது போர் அமைச்சராக இருந்தவர் சர்ச்சில், பட்டாளச் செலவு அவர் கணக்கில் ஏறுகிறது, ஆனால் கொள்கை வகுப்பதோ இந்தியா ஆபீஸும் வெளியுறவு இலாகாவும். பில் எனக்கு, சாப்பாடு அவர்களுக்கா என்பதுதான் அவருடைய நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் ஒரே கையில் கொடுங்கள் என்று நச்சரித்தார். யார் கையில்? வெளியுறவு அமைச்சர் கர்சன் பிரபு, நம்ம பழைய வைஸ்ராய், வங்காளத்தை இரண்டாக வெட்டியவர், அது என் இலாகாவுக்குத்தான் வர வேண்டும் என்றார். அவரைவிடக் கிழக்கைப் பற்றி அறிந்தவர் அந்த மந்திரிசபையில் இல்லை என்பது உண்மை, அதை அவரே அடிக்கடி நினைவுபடுத்துவார் என்பதும் உண்மை.

1920 டிசம்பர் 31 அன்று மந்திரிசபை கூடி, காலனி இலாகாவுக்குள் மத்திய கிழக்குப் பிரிவு என்று ஒன்றைப் புதிதாகத் தொடங்க முடிவு செய்தது. அடுத்த பிப்ரவரியில் சர்ச்சிலே காலனி அமைச்சராக அங்கே போய் உட்கார்ந்தார். புதுப் பிரிவுக்குத் தலைவராக ஜான் ஷக்பர்க் என்பவரை இந்தியா ஆபீஸிலிருந்து கொண்டுவந்தார், ஹியூபர்ட் யங்கை வெளியுறவு இலாகாவிலிருந்து எடுத்தார், ஆலோசகராக 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று பெயர் வாங்கிய லாரன்ஸ். மார்ச் மாதம் கெய்ரோவில் மாநாடு, ஆகஸ்ட் 23 அன்று ஹுசைனின் இன்னொரு மகன் ஃபைசல் பாக்தாத்தில் ராஜா. அதாவது கெய்ரோக் கட்சி ஜெயித்தது. அடுத்த வருஷமே ஈராக்கின் காவல் பொறுப்பைத் தரைப்படையிடமிருந்து எடுத்து விமானப்படையிடம் கொடுத்தார்கள். காரணம், மலிவு. குண்டு விழுந்த கிராமத்துக்கு அது மலிவா என்று யாரும் கேட்கவில்லை.

இவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்ணியும் ஒரே கை வந்ததா? பாலஸ்தீனமும் ஜோர்டான் பக்கமும் ஈராக்கும் காலனி இலாகா. எகிப்தும், மெக்கா இருக்கும் ஹிஜாஸும் வெளியுறவு இலாகா. பக்கத்திலேயே இருக்கும் குவைத் இந்தியாவின் பொறுப்பிலேயே தங்கிவிட்டது. ஈராக்கில் ரூபாய் 1932 வரை ஓடியது.

கேள்வி (கோவை வாசகி): சம்பந்தமே இல்லாத இலாகாவிடம் ஒரு நாட்டைக் கொடுத்த கதை ஏதாவது உண்டா?

பதில்: உண்டா என்றா கேட்கிறீர்கள்! எனக்கு மிகவும் பிடித்தது பாஸ்னியா. 1878 பெர்லின் மாநாட்டில், துருக்கி வசமிருந்த பாஸ்னியா-ஹெர்செகோவினாவை ஆக்கிரமித்து நிர்வகிக்கும் உரிமை ஆஸ்திரியா-ஹங்கேரிக்குக் கிடைத்தது. ஆஸ்திரியா தனி அரசு, ஹங்கேரி தனி அரசு, சக்கரவர்த்தி ஒருவர். ஆஸ்திரியாவிடம் கொடுத்தால் ஹங்கேரி கோபித்துக்கொள்ளும், ஹங்கேரியிடம் கொடுத்தால் ஆஸ்திரியா விடாது. இரண்டுக்கும் பொதுவாக இருந்த அமைச்சகங்கள் மூன்றுதான், வெளியுறவு, போர், நிதி. கடைசியில் பொது நிதி அமைச்சகத்திடம் ஒப்படைத்தார்கள். மூன்றில் அவர்களுக்குத்தான் வேலை குறைவு. 1880-ல் சட்டம் போட்டபோது, பாஸ்னியாவின் நிர்வாகச் செலவு பாஸ்னியாவின் வருமானத்திலேயே முடிய வேண்டும் என்றும் எழுதிவைத்தார்கள். பிள்ளையைத் தத்து எடுத்துக்கொண்டு, சாப்பாட்டை நீயே பார்த்துக்கொள் என்ற மாதிரி.

1882-லிருந்து 1903 வரை, இருபத்தொரு வருஷம், நிதி அமைச்சர் பெஞ்சமின் காலாய்தான் அந்த நாட்டுக்கு நடைமுறையில் ராஜா. சாலை, ரயில், புகையிலைத் தொழிற்சாலை என்று நிறையச் செய்தார், பாஸ்னியர் என்று தனி அடையாளத்தை உருவாக்கப் பார்த்துத் தோற்றார். இதெல்லாம்கூடப் பரவாயில்லை, 1914-க்கு வாருங்கள். ஜூன் மாதம் வியன்னாவில் இருந்த செர்பியத் தூதர், பட்டத்து இளவரசர் பாஸ்னியாவின் தலைநகர் சரயேவோவுக்குப் போவது நல்லதில்லை என்று பூடகமாக ஒரு எச்சரிக்கை சொன்னதாகப் பின்னால் தெரியவந்தது. அதை யாரிடம் சொன்னார்? வெளியுறவு அமைச்சரிடம் அவருக்குப் பேச்சுவார்த்தை சரியில்லை, அதனால் பாஸ்னியாவுக்குப் பொறுப்பான நிதி அமைச்சர் பிலின்ஸ்கியிடம். அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்துகொண்டிருந்ததோ பாஸ்னியாவின் ராணுவ கவர்னர் பொட்டியோரெக், அவர் தன் ராணுவ வழியில் போனார், நிதி அமைச்சகத்தை ஓரங்கட்டிவிட்டு. எச்சரிக்கை அந்த மேசையோடு நின்றுபோனது. ஜூன் 28 அன்று என்ன ஆயிற்று என்று பத்தாம் வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். அப்புறம் பிலின்ஸ்கியும் பொட்டியோரெக்கும் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டார்கள்.

இன்னொன்று அலாஸ்கா. 1867-ல் 72 லட்சம் டாலருக்கு ரஷ்யாவிடம் வாங்கிவிட்டு, அமெரிக்கா முதலில் ராணுவத்திடம் கொடுத்தது. 1877-ல் வேறு இடத்துச் சண்டைக்கு ஆள் வேண்டும் என்று ராணுவம் கிளம்பிவிட்டது. பிறகு? கஜானா இலாகாவின் சுங்க அதிகாரி! சிட்காவில் ஒரு சுங்கக் கலெக்டர், அவர்தான் அரசாங்கம். 1879-ல் உள்ளூர் டிலிங்கிட் மக்கள் தாக்கப்போகிறார்கள் என்று சிட்காவில் இருந்த வெள்ளையர்களுக்குக் கிலி பிடித்து வாஷிங்டனுக்கு எழுதினார்கள், பதில் வரக் காணோம், உடனே பக்கத்தில் கனடாவின் விக்டோரியா துறைமுகத்துக்கு எழுதினார்கள். பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஆஸ்ப்ரே வந்து அமெரிக்க மண்ணில் அமெரிக்கர்களுக்குக் காவல் நின்றது. வெட்கத்தில் வாஷிங்டன் அலாஸ்காவைக் கடற்படையிடம் கொடுத்தது.

கடற்படையிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் பசிபிக் கடலில் இருக்கும் குவாம் தீவு. 1898-ல் ஸ்பெயினிடமிருந்து வந்தது. அதோடு வந்த பிலிப்பைன்ஸையும் போர்ட்டோ ரிக்கோவையும் போர் இலாகா எடுத்துக்கொண்டது, குவாமை மட்டும் கடற்படை. கேப்டன்தான் கவர்னர், சட்டசபை மாதிரி ஒன்று இருந்தது, அது எது சொன்னாலும் ஆலோசனை மட்டும்தான். 1919-ல் கில்மர் என்ற கவர்னர் தலைநகர் அகானாவுக்குள் விசில் அடிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார், மீறினால் அபராதம். நம்ம தியேட்டர் ரசிகர்கள் அங்கே போயிருந்தால் வீட்டை விற்றுத்தான் கட்ட வேண்டும். அந்த மக்களுக்குக் குடியுரிமையும் சிவில் ஆட்சியும் கிடைத்தது 1950-ல்.

கேள்வி (காரைக்கால் வாசகர்): பிரெஞ்சுக்காரர்கள் எங்களை எந்த இலாகாவில் வைத்திருந்தார்கள்?

பதில்: ரொம்ப நாள் கடற்படை அமைச்சகத்தில். கப்பலில் போய்ப் பிடித்ததெல்லாம் கப்பல்காரனுக்கு என்பது அவர்கள் கணக்கு. 1894-ல்தான் காலனிகளுக்கென்று தனி அமைச்சகம் வந்தது. அதற்கு அப்புறமும் எல்லாம் அங்கே போகவில்லை. அல்ஜீரியாவை 1848-லேயே பிரான்சின் மூன்று மாவட்டங்கள் என்று அறிவித்துவிட்டார்கள், எனவே உள்துறை அமைச்சகம். அடுத்த வீட்டு துனீசியாவும் மொராக்கோவும் ஒப்பந்தப்படி பிரான்சின் காவலில் இருந்த நாடுகள், எனவே வெளியுறவு. விளைவைப் பாருங்கள். 1956-ல் துனீசியாவுக்கும் மொராக்கோவுக்கும் கையெழுத்துப் போட்டு விடுதலை கொடுக்க முடிந்தது, ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறோம் என்று சொன்னால் போதும். அல்ஜீரியாவில் 1954 நவம்பரில் கிளர்ச்சி தொடங்கியபோது பதில் சொல்ல எழுந்தவர் உள்துறை அமைச்சர் மித்தரான், அல்ஜீரியா என்றால் பிரான்ஸ் என்றார். உள்துறை அமைச்சர் வேறு என்ன சொல்வார்? பத்து லட்சம் ஐரோப்பியர்கள் அங்கே குடியிருந்தது பெரிய காரணம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் சொந்த மாவட்டத்துக்கு விடுதலை கொடுக்க எந்தப் படிவமும் அந்த அமைச்சகத்தில் இல்லை. 1962 வரை ரத்தம் ஓடியது.

உங்கள் ஊர்க் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் இந்தியாவின் கைக்கு வந்தபோது டெல்லியிலும் இதே கேள்வி வந்தது. நிர்வாகம் கைமாறிவிட்டது, ஆனால் ஒப்பந்தம் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் உறுதியாகவில்லை, சட்டப்படி இன்னும் அயல்நாடு. எனவே வெளியுறவு அமைச்சகம்! முதல் தலைமை ஆணையர் கேவல் சிங், அதற்கு முன் அங்கேயே இந்தியத் தூதரக அதிகாரியாக இருந்தவர், பின்னாளில் வெளியுறவுச் செயலர். 1962-ல் ஒப்பந்தம் முடிந்து, 1963-ல் யூனியன் பிரதேசமாகி உள்துறைக்கு மாறியது. அருணாசலப் பிரதேசமும் 1965 வரை வெளியுறவு அமைச்சகத்திடம்தான் இருந்தது.

கேள்வி (தேவகோட்டை வாசகர்): பர்மா?

பதில்: உங்கள் ஊர்க்காரர் ஒரே வார்த்தையில் கேட்டால் அதில் ஒரு பெருமூச்சு இருக்கிறது என்று தெரியும். 1826, 1852, 1885 என்று மூன்று கடியில் விழுங்கி, இந்தியாவின் ஒரு மாகாணமாக வைத்திருந்தார்கள். 1937 ஏப்ரல் 1-ல் பிரித்தபோது லண்டனில் பர்மா ஆபீஸ் என்று புதிதாக ஒன்று முளைத்தது. முளைத்தது எங்கே? இந்தியா ஆபீஸின் அதே கட்டடத்தில். அமைச்சர் யார்? அதே அமைச்சர், பெயர்ப் பலகையில் இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் என்று சேர்த்துக்கொண்டார். அங்கே மாறியது ஒரு பலகை. இங்கே, கீழ் பர்மாவின் நெல் வயலில் ஏறத்தாழ கால் பங்கு கடனுக்கு ஈடாகச் செட்டியார்கள் கைக்கு வந்திருந்த நேரம் அது, ஒரே ராத்திரியில் அவர்கள் உள்நாட்டுக்காரர் என்பது போய் வெளியூர்க்காரர் ஆனார்கள்.

கேள்வி (சேலம் வாசகர்): இந்த இலாகாக்கள் எல்லாம் இப்போது எங்கே ஐயா?

பதில்: இந்தியா ஆபீஸ் 1947-ல் மூடப்பட்டது, அதன் காகிதங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. காலனி இலாகா 1966-ல் காமன்வெல்த் இலாகாவோடு கரைந்தது, அதுவும் 1968-ல் வெளியுறவு இலாகாவுக்குள் போய் முடிந்தது. 1920-ல் கர்சன் கேட்டுக் கிடைக்காததெல்லாம் கடைசியில் அவருடைய இலாகாவுக்கே வந்து சேர்ந்தது, ஆனால் வரும்போது ஈராக்கும் இல்லை, பாலஸ்தீனமும் இல்லை. செயின்ட் ஹெலனா, ஃபாக்லாந்து, ஐம்பது பேர்கூடத் தேறாத பிட்கெய்ர்ன் தீவு, இவற்றைத்தான் இன்று அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். இந்தியா ஆபீஸ் கட்டடமும் அவர்கள் கையில்தான். அதன் நடுவில் இருக்கும் பளிங்கு முற்றத்துக்கு தர்பார் முற்றம் என்று பெயர், இப்போது அங்கே வரவேற்பு விருந்துகள் நடக்கின்றன.